நிலாவுக்குத் தலை எந்தப் பக்கம்?

1

"டேய் சேகர், உன் நிலா தலைகீழா இருக்காம்டா."

புதன்கிழமை சாயங்காலம் ஸ்ரீரங்கத்திலிருந்து என் அக்கா போனில் சொன்ன முதல் வார்த்தை இது. நல்லா இருக்கியா கிடையாது, சாப்பிட்டியா கிடையாது. சாப்பிட்டியா என்று கேட்காமல் அக்கா பேச ஆரம்பித்தால் விஷயம் பெரிசு என்று அர்த்தம். இங்கே பெர்த் நகரத்தில், வீட்டு ஹாலில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்த நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"யாருக்கா சொன்னது?"

"எங்க ஹெச்.எம்.தான். ஸ்டாஃப் எல்லாரும் நிக்கிறப்பவே சொன்னாங்க. வெள்ளிக்கிழமை காலையில கண்காட்சி. மானம் போகுதுடா எனக்கு."

அக்கா மல்லிகா, ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். இந்த மே மாதத்தோடு ரிட்டையர் ஆகிறாள். ஆக, இதுதான் அவளுடைய கடைசி அறிவியல் கண்காட்சி. வருஷா வருஷம் தெர்மோகோலில் எரிமலையும் சிவப்பு மையில் ரத்த ஓட்டமும் செய்து அலுத்துப்போனவள், இந்தத் தடவை என்னிடம் கேட்டாள்: "நீ பின்னாடி தோட்டத்துல டெலஸ்கோப் வச்சு நிலாவைப் படம் எடுக்கிறியே, அதுல நல்லதா ஒண்ணு அனுப்பு. என் கடைசிக் கண்காட்சி, ஜம்முனு இருக்கட்டும்."

அனுப்பினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் கொடுத்து, கதவு உயரத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்துவிட்டாள். நிலாவில் தெரியும் ஒவ்வொரு இடத்துக்கும் நானே தமிழில் பெயர் போட்டிருந்தேன். அமைதிக் கடல், மேகக் கடல், மழைக் கடல். தண்ணீரே இல்லாத கடல்கள்; அந்தக் காலத்தில் கறுப்பாகத் தெரிந்ததையெல்லாம் கடல் என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. மூலையில் அக்கா தன் கைக்காசு போட்ட உரிமையில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: ‘படம்: திருச்சி சேகர், ஆஸ்திரேலியா’.

ஹெச்.எம். மேடம் வந்து பார்த்திருக்கிறார். ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து வளர்ந்த வைஷ்ணவ அம்மாள், கண்டிப்பானவர். ஒரு புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, படத்துக்குப் பக்கத்தில் பிரித்துப் பிடித்திருக்கிறார். புத்தகத்து நிலாவில் கறுப்புத் திட்டுகள் மேலே, வெள்ளை கீழே. என் நிலாவில் வெள்ளை மேலே, கறுப்பு கீழே.

"என்ன மல்லிகா, உன் தம்பி சந்திரனையே கவுத்துப் போட்டிருக்காரே?"

ஸ்டாஃப் ரூமே சிரித்திருக்கிறது. அக்காவுக்கு அழுகை வராத குறை.

"வியாழக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு பதில் சொல்லு. இல்லேன்னா கழட்டிட்டு எரிமலையை வச்சிடறேன்" என்றாள்.

2

இந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

திருவெறும்பூர்ப் பக்கம் பாய்லர் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவன் நான். அப்பா அங்கே வேலை, பிறகு நானும் அங்கேயே. வெல்டிங் செய்த குழாய்களை எக்ஸ்ரே எடுத்து, அந்த ஃபிலிமை விளக்குப் பெட்டிமேல் வைத்து, உள்ளே விரிசல் இருக்கிறதா, பொத்தல் இருக்கிறதா என்று பார்ப்பது என் தொழில். பெர்த்துக்கு வந்தபிறகும் அதே வேலைதான், குழாய் மட்டும் வேறு. நாள் முழுக்கக் குழி தேடுகிறவனுக்குப் பொழுதுபோக்குக்கும் குழி தேடும் வேலை அமைந்தது என் ஜாதகம் போல.

என் பிறந்தநாளுக்கு மனைவி செல்வி ஒரு டெலஸ்கோப் வாங்கிக் கொடுத்தாள். "சாயங்காலம் ஆனா டி.வி. முன்னாடி உட்கார்ந்து ஊர் நியூஸைப் பார்த்துக் கத்தறீங்க. அதுக்கு இதைப் பாருங்க." முதல் நாள் கண்ணை வைத்ததும் நான் கத்தியதில் செல்வி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், நம் கண்ணுக்கு வெறும் வெள்ளையாகத் தெரிகிற இடம் முழுக்கப் பள்ளம். பள்ளத்துக்குள் பள்ளம், அதன் விளிம்பில் இன்னொரு சின்னப் பள்ளம். எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஒரு வெல்டிங் வந்திருந்தால் அந்த ஃபிலிமை ரெண்டாவது முறை பார்க்கவே மாட்டோம், ரிஜெக்ட்.

படம் எடுப்பது தனிக் கூத்து. டெலஸ்கோப்பில் கண் வைக்கிற இடத்தில் போனைப் பொருத்தி வீடியோ எடுக்க வேண்டும். நடுவில் இருக்கிற காற்று சும்மா இருக்காது. சித்திரை வெயிலில் தார் ரோட்டுக்கு மேலே காற்று நெளியுமே, அந்த மாதிரி நிலா நெளிந்துகொண்டே இருக்கும். எப்போதாவது ஒரு நொடி அசையாமல் நிற்கும். அந்த நல்ல நொடிகளை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கி எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும். அப்போது வருகிற படத்தில் பள்ளத்தின் சுவர், அதன் நிழல், நடுவில் நிற்கிற குட்டி மலை எல்லாம் தெரியும்.

பௌர்ணமிதான் படத்துக்கு நல்ல நாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். சுத்த வேஸ்ட். சூரியன் நேராக அடிப்பதால் நிழலே இருக்காது, நிலா வெள்ளை அப்பளம். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற விளிம்பில்தான் நிழல் நீளமாக விழும், பள்ளம் பள்ளமாகத் தெரியும். அதற்குத் தோதான நாள் எது தெரியுமா? அஷ்டமியும் நவமியும். நம் ஆட்கள் ஒரு பேனா வாங்கக்கூட யோசிக்கிற ரெண்டு நாள். அக்காவுக்கு அனுப்பியது தை மாத வளர்பிறை நவமியில் எடுத்தது. இதை அவளிடம் சொல்லவில்லை, ஏற்கெனவே கலங்கிப்போய் இருந்தாள்.

இந்தப் பொழுதுபோக்கினால் அவமானமும் உண்டு. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, தினமும் சாயங்காலம் அங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டார். நிலாவை ஆங்கிலத்தில் வினைச்சொல்லாக்கி, "ஐ ஆம் மூனிங்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இந்த ஊர் வழக்கில் அதற்கு, பேன்ட்டை இறக்கி அடுத்தவருக்குப் பின்பக்கத்தைக் காட்டுவது என்று அர்த்தமாம். என் பதினைந்து வயது மகள் இனியா விஷயம் தெரிந்து ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. "ப்ளீஸ்ப்பா, நீங்க வெளிய யார்கிட்டயும் இங்கிலீஷ் பேசாதீங்க" என்றாள். அவள் தமிழ் பேசும் லட்சணத்துக்கு நான் ஒருநாள் இப்படிச் சொல்லியிருப்பேனா?

3

விஷயத்துக்கு வருகிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் டெலஸ்கோப் எல்லாவற்றையும் தலைகீழாகத்தான் காட்டும். கண்ணாடியின் வளைவு அப்படி. அதைக் கம்ப்யூட்டரில் மெனக்கெட்டுத் திருப்பி, நான் தோட்டத்தில் நின்று வெறும் கண்ணால் பார்க்கிறபடியே நேராக்கி அனுப்பியிருந்தேன். சோம்பேறித்தனமாக அப்படியே அனுப்பியிருந்தால் அது புத்தகத்து நிலாவோடு அச்சாகப் பொருந்தியிருக்கும்! நேராக்கியதுதான் தலைகீழாகப் போய்விட்டது.

அக்காவுக்கு விளக்கினேன். "அக்கா, ஆஸ்திரேலியா பூமியோட தெற்குப் பாதியில இருக்கு. இங்க நிலா வடக்குப் பக்கமா போகும். வடக்கே பார்த்து நின்னுதான் நாங்க பார்க்கணும். அந்தப் புத்தகத்துப் படம், வடக்கே எங்கேயோ குளிர் தேசத்துல தெற்கே பார்த்து நின்னவன் பார்த்த நிலா. ரெண்டு பேரும் எதிரெதிரா நிக்கிறோம், அதனால அவனுக்கு மேல இருக்கிறது எனக்குக் கீழ. ரெண்டுமே சரிதான்."

அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள்.

"அப்ப இது ஆஸ்திரேலியா நிலா."

"நிலா ஒண்ணுதானேக்கா."

"ஒண்ணுதான். ஆனா நீ பார்க்கிற மாதிரி எங்களுக்குத் தெரியாதுல்ல? நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு நம்ம ஊர் நிலாதானேடா காட்டணும்? இது தெரிஞ்சிருந்தா உன்கிட்ட கேட்டே இருக்க மாட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அலுப்பில் சொன்னாள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுத்தபோதுகூட இப்படி இல்லை. வந்த நாளிலிருந்து இங்கே பாஷை அந்நியம், மரம் அந்நியம், காக்காய் கத்துவதுகூடக் குழந்தை அழுகிற மாதிரி. அண்ணாந்து பார்த்தால் நிலா ஒன்றுதான் ஊரில் பார்த்த அதே முகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் வெளிநாட்டுச் சரக்கு என்றால் என்ன செய்வது?

"திருப்பி மாட்டிட்டா முடிஞ்சதுன்னு ஹெச்.எம். சொன்னாங்க" என்றாள் அக்கா. "எழுத்து மேல புதுசா ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்னாங்க. திருப்பியும் பார்த்தாச்சு."

"நல்லா இருக்கா?"

"எங்கடா! எட்டாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி பார்த்துட்டு, ‘மிஸ், நிலாவுக்கு அம்மை போட்டிருக்கு, சமயபுரத்துக்கு வேண்டிக்கலாமா’ங்கறா. பள்ளமெல்லாம் கொப்புளம் மாதிரி புடைச்சுக்கிட்டு நிக்குது. என்ன மாயம்டா இது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, புல்லரிப்பும் வந்தது. அது மாயமில்லை, நம் கண்ணின் பழக்கம். வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும் என்று கண் முடிவுகட்டி வைத்திருக்கிறது. என் படத்தில் வெளிச்சம் மேல் இடது பக்கத்திலிருந்து விழுகிறது. திருப்பினால் அது கீழேயிருந்து விழும். கண் அதை ஒப்புக்கொள்ளாமல், பள்ளத்தை மேடாக்கிவிடும். ஃபிலிம் பார்க்கிற தொழிலில் இந்தத் தொல்லை வராது. எக்ஸ்ரே எடுக்கும்போதே ஈயத்தில் செய்த எழுத்தைக் குழாய்மேல் வைத்துவிடுவோம், ஃபிலிமில் அந்த எழுத்து நேராகத் தெரிந்தால் படமும் நேர். நிலாவில் யார் போய் ஈய எழுத்து வைப்பது?

ஆக, திருப்பினால் அம்மை. திருப்பாவிட்டால் அந்நியம். அக்கா, "சரி விடு, எரிமலையே போதும்" என்று போனை வைக்கப் போனாள்.

4

இனியா அப்போதுதான் தன் அறையிலிருந்து வெளியே வந்தாள். அத்தையோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை என்றால், ‘நல்லா இருக்கேன் அத்தை, எக்ஸாம் இருக்கு அத்தை, அப்பாகிட்ட தரேன் அத்தை’, அவ்வளவுதான். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"நிலா தலைகீழா இருக்குன்னு அத்தையோட ஸ்கூல்ல சொல்றாங்க."

"தலைகீழ்னா?"

விளக்குவதற்குள் அவளே ஒரு அர்த்தம் கண்டுபிடித்துவிட்டாள். "ஓ, தலைய கீழ வைக்கிறதா? அம்மா தினம் சொல்வாங்களே, போனை வச்சிட்டுத் தலைய கீழ வச்சுத் தூங்குன்னு. அப்ப அத்தையும் தலைய கீழ வச்சுப் பார்க்கட்டும்."

போனில் அக்கா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். பாதியில் நின்றுவிட்டது என் சிரிப்பு.

ஊரில் நான் நிலாவை எப்போது நின்றுகொண்டு பார்த்தேன்? குடியிருப்பில் கோடைக்கு மொட்டை மாடியில் பாயை விரித்து, அக்காவும் நானும் மல்லாந்து படுத்துக்கொண்டுதானே பார்த்தோம். சரி, எந்தப் பக்கம் தலை? அதில் சந்தேகமே இல்லை. வடக்கே தலை வைத்துப் படுத்தால் அம்மா பாயோடு சேர்த்து இழுத்துத் திருப்பிவிடுவாள். தெற்கே தலை, வடக்கே கால்.

தெற்கே தலை வைத்து மல்லாந்து படுத்தால் கண்ணுக்கு எது மேலே? தெற்கு. பெர்த்தில் நான் வடக்கே பார்த்து நின்று அண்ணாந்தால் எது மேலே? என் தலைக்குப் பின்னால் இருக்கிற பக்கம், அதுவும் தெற்குதான்!

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஹால் கார்ப்பெட்டில் படுத்துப் பார்த்தேன், எழுந்து நின்று பார்த்தேன், மறுபடி படுத்தேன். செல்வி, "என்னாச்சு, முதுகு பிடிச்சுக்கிச்சா?" என்றாள். அவளுக்கும் திசைக்கும் தனிக் கதை உண்டு. இந்த வீட்டுப் படுக்கையறையில் வடக்கே தலை வைத்துத்தான் கட்டில் போட முடியும். இங்கே எல்லாம் எதிர்ப்பக்கம் என்பதால் தெற்குதான் ஆகாது, வடக்கு பரவாயில்லை என்று நான் ஒரு வாதம் வைத்தேன். இங்குள்ள கோயில் குருக்களிடம் கேட்டதற்கு அவர், "எதுக்கும் கிழக்கே வச்சுக்கோங்கோ" என்று நழுவிவிட்டார். கட்டில் இன்றைக்கும் அறைக்குக் குறுக்கே கிடக்கிறது.

"அக்கா, போனை வைக்காதே. நிலா வந்திருக்கா அங்க?"

"தசமிடா இன்னைக்கு. பட்டப்பகல்லயே வந்தாச்சு. ஏன்?"

"இருட்டினதும் பாயை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போய் எனக்குப் போன் பண்ணு."

"இந்த வயசுல என்னை எதுக்குடா..."

"எரிமலை வேணுமா, நிலா வேணுமா?"

அங்கே விளக்கு வைக்கிற நேரம் தாண்டி அழைத்தாள். அக்காவின் ஃபிளாட்டுக்குத் தெற்கே ராஜகோபுரம் தெரியும், அதனால் திசை சொல்வது சுலபம். "கோபுரத்துப் பக்கம் தலை வச்சுப் படு" என்றேன். முட்டியைத் திட்டினாள், கொசுவைத் திட்டினாள், துணி எடுக்க வந்த கீழ் வீட்டுக்காரியிடம், "ஒண்ணுமில்லைங்க, தம்பி படுக்கச் சொன்னான்" என்று அசடு வழிந்தாள். இனியா ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

"படுத்தாச்சு. உச்சிக்குப் பக்கத்துல இருக்கு."

"கறுப்பு எந்தப் பக்கம் அதிகமா இருக்கு? அவசரப்படாம சொல்லு."

பாய் சரசரக்கிற சத்தம் கேட்டது.

"டேய்..." என்றாள். "கறுப்பு கால் பக்கம்டா. தலைப் பக்கம் வெள்ளை. டேய் சேகர்! நீ அனுப்பின மாதிரியேடா! அப்படியே!"

"அப்படியே எழுந்து தெற்கே மலைக்கோட்டையைப் பார்த்து நின்னு, கழுத்தை நல்லாப் பின்னால சாய்ச்சுப் பாரு."

"ஐயோ, கழுத்து ஒடியுது. ம்... இப்பத்தான் அந்தப் புத்தகத்துல இருக்கிற மாதிரி தெரியுது. ஏன்டா, கழுத்தை ஒடிச்சுக்கிட்டு யாருடா நிலா பார்ப்பா?"

திருச்சியில் இந்த மாதங்களில் நிலா தலைக்கு மேலேயே வந்துவிடுகிறது. தலைக்கு மேலே இருக்கிற நிலாவுக்கு மேல் கீழ் என்று எதுவும் கிடையாது. பார்க்கிறவன் தலையை எங்கே வைத்திருக்கிறானோ அதுதான் அதற்கு மேல்பக்கம். நம் ஜனங்கள் வடக்கே தலை வைப்பதில்லை. அதனால் நம் மொட்டை மாடி நிலாவும் என் தோட்டத்து நிலாவும் ஒன்றேதான். எனக்கு வந்த சந்தோஷத்தில் இனியாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "அப்பா, வியர்டா இருக்கு, விடுங்க" என்றாள். ஆனால் உடனே போய்விடவில்லை.

"கிழக்கே தலை வச்சா?" என்று கேட்டாள் அக்கா. குரலில் டீச்சர் வந்துவிட்டாள்.

"ஒருக்களிச்ச நிலா."

5

மிச்சத்தை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலை ஹெச்.எம். அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்போ இந்தப் படத்தைப் படுத்துண்டுதான் பார்க்கணும்கறே?" என்றாராம். அக்கா பயந்துகொண்டே ஆமாம் என்றிருக்கிறாள். ஹெச்.எம். கூரையை அண்ணாந்து பார்த்தாராம். பிறகு, "ஏன், நம்ம பெருமாளே சயனிச்சுண்டுதானே லோகத்தையெல்லாம் கடாட்சிக்கறார்? நமக்கென்ன கௌரவம் குறைஞ்சுடும்? வாட்ச்மேனைக் கூப்பிடு, சீலிங்ல கட்டட்டும்" என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கூட ஹால் கூரையில் என் நிலா. கீழே வரிசையாகக் கோரைப்பாய். தெற்குச் சுவரில் ‘தலை இந்தப் பக்கம்’ என்று ஒரு அட்டை. முதலில் படுத்தது ஹெச்.எம்.தானாம், புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு. கூட்டம் மூச்சுவிடாமல் நின்றிருக்கிறது. "பள்ளம் பள்ளமாத்தான் இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னாராம். அதற்கப்புறம் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவந்த அம்மாக்கள், ஒரு ஆட்டோக்காரர் எல்லாரும் முறைபோட்டுப் படுத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் வீடியோ கால் வந்தது. நானும் இனியாவும் வீட்டு ஹாலில் இருந்தோம். திரையில் அக்காவின் முகம், பின்னால் பாய். முகத்தில் அவ்வளவு களைப்பு.

"எல்லாரும் போயாச்சுடா. பிள்ளைங்களைப் படுக்க வைக்கிறதும் எழுப்புறதுமாவே என் பொழுது போச்சு. நான் இப்பத்தான் படுத்திருக்கேன்."

"முட்டி எப்படி இருக்கு?"

போனைத் திருப்பிக் கூரையைக் காட்டினாள். திரை முழுக்க நிலா. அக்காவின் குரல் மட்டும் வந்தது.

"நீ போனதுலேருந்து ஒரு கவலைடா எனக்கு. நாங்க பார்க்காதது எதையெல்லாம் அங்க பார்த்துக்கிட்டு இருக்கானோன்னு. இதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கே."

இனியா போனை என் கையிலிருந்து வாங்கினாள். திசையெல்லாம் பார்க்கவில்லை, கார்ப்பெட்டில் அப்படியே மல்லாந்து படுத்து, போனை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, அந்தப் பெரிய பள்ளம் இருக்குல்ல, அது உங்களுக்கு எங்க தெரியுது?"

"மேல. என் தலைப் பக்கம், கண்ணு."

"எனக்கும் அத்தை."